இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

ஒத்தக்கடை
12 ஜூன் 2024

அன்புத் தங்கை ஜெஸிக்கு,

அண்ணன் கிளமெண்ட் எழுதுவது. நானும் உன் மதினி ஹெப்சிபாவும் சுகம். அப்பா நலம். உன் சுகத்தையும் உன்னோடு இருக்கும் சிஸ்டர்மார் சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்.

ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறவன் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். வீடு கட்டுகிறவனுக்குச் செங்கல்லையும் சிமெண்டையும் தவிர வேறு சொந்தபந்தம் கிடையாது. ஒருவழியாகக் கட்டி முடித்துக் குடிவந்துவிட்டோம். நீ உசிலம்பட்டிக்கு மேற்கே அந்த அடைபட்ட மடத்துக்குள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. நீங்கள் வெளியே வரக் கூடாது, போன் கிடையாது, மாதம் ஒரே ஒரு கடிதம் எழுதலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் எழுதவில்லை.

இப்போது ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. அப்பா ரிட்டயரானபோது வாங்கினாரே, அந்த ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரையும் புது வீட்டு ஹாலில் வைத்திருக்கிறேன். என் லேப்டாப்பில் வரும் பாட்டை அதில் கேட்க வேண்டும். ஒரு வயர் வாங்கி, பின்னால் காலியாக இருந்த முதல் துளையில் செருகினேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி ஒரு சத்தம். ஹெப்சிபா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பாட்டு நின்ற பிறகும் 'ஙொய்ய்' என்று ஒரு இரைச்சல் அடங்கவே இல்லை.

கடைக்காரரைக் கேட்டால் இதைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். ஆறு வருடம் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்த தங்கச்சி இருக்கும்போது கடைக்காரரை நான் ஏன் கேட்க வேண்டும்?

உன் அண்ணன்,
கிளமெண்ட்


மடம்
3 ஜூலை 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஜெஸி எழுதுவது. இறைவன் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகமே. மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இங்கே எல்லாக் கடிதத்தையும் மதர் படித்துவிட்டுத்தான் தருவார். உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது, "உங்க அண்ணன் ஜெபத்தப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே சிஸ்டர். ஆனா என்னமோ பெரிய கஷ்டத்துல இருக்காரு போல, சீக்கிரம் பதில் போடுங்க" என்றார்.

நீங்கள் செருகியது இசைத்தட்டுப் பிளேயருக்கான துளை. அது மிகச் சின்ன சத்தத்தைத்தான் தாங்கும். லேப்டாப் சத்தத்தை அங்கே கொடுத்தால் அலறத்தான் செய்யும். வயரைப் பிடுங்கி 'ஆக்ஸ்' என்று எழுதிய துளையில் செருகுங்கள். லேப்டாப்பில் சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் குமிழைக் கீழிருந்து மெதுவாகத் திருப்புங்கள். நீங்கள் தலைகீழாகத்தான் செய்திருப்பீர்கள். லேப்டாப்புக்குள் சத்தத்தை 'மெருகேற்றும்' வசதிகள் இருக்கும், அவை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல் நிற்காவிட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

அப்பா நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு மடத்துக்குப் போகிறேன் என்றவள் நான். அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவர், இதுவரை ஒரு வரி எழுதவில்லை, ஒருமுறை வந்து பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எழுபத்தெட்டு வயதாகிறதே என்பதுதான் ஜெபத்தின் நடுவில் வந்து நிற்கிறது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் எனக்கு. அவரை வற்புறுத்தாதீர்கள்.

தங்கள் தங்கை,
ஜெஸி


ஒத்தக்கடை
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜெஸிக்கு,

எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்திலாவது ஜெபம் என்ற சொல் இருக்கட்டும்: எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மதரிடம் சொல்.

உன்னை என்ன சொல்லிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. கண்ணால் பார்க்காமல், காதால் கேட்காமல், அறுபது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் குமிழை எப்படித் திருகியிருப்பேன் என்பதுவரை சொல்லிவிட்டாய். அலறல் போயே போய்விட்டது. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சலும் நின்றது. ஹெப்சிபா, "அம்புட்டு இரைச்சலும் ஒரு வயருக்குள்ளயா இருந்துச்சு?" என்று சார்ஜரை முறைத்துப் பார்த்தாள்.

ஆனால் இந்த லேப்டாப் சார்ஜர் இல்லாமல் நாற்பது நிமிடம்தான் தாங்கும். நமக்கு ஒரு மணி நேரம் வேண்டும். பாதியில் செத்துவிடுகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பல பேர் சேர்ந்து பாடும்போது எல்லாரும் ஒரு சுவருக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. அடிச்சுருதி கரைந்துபோகிறது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குரலுக்கு எலும்பு இல்லை. இதற்கு என்ன செய்யலாம்?

உன் அண்ணன்,
கிளமெண்ட்


மடம்
8 செப்டம்பர் 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

மாதாவின் பிறந்த நாள் வாழ்த்துகள். இங்கே அனைவரும் சுகம்.

லேப்டாப் சார்ஜரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். வேறு வேறு சுவரில் செருகியிருப்பதால்தான் இரைச்சல். மிச்சம் மீதி இருந்தால் டவுன்ஹால் ரோட்டில் விரல் நீளத்துக்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கும், வாங்கி லேப்டாப்பில் செருகி அதிலிருந்து வயரை எடுங்கள்.

சுவருக்குப் பின்னால் நின்று பாடுவது போலிருக்கிறது என்றீர்களே, அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே ஒருவர் பாடும் பாட்டைப் போட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவே எதிரில் உட்காருங்கள். குரல் உங்கள் மூக்குக்கு நேரே நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறையெல்லாம் பரவினால், ஒரு பெட்டியின் வயர் மாறியிருக்கிறது. ஒரு பெட்டி காற்றை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். நடுவில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். ஒரே ஒரு பெட்டியின் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றிவிடாதீர்கள், மறுபடி பழைய கதைதான்.

அண்ணே, ஒன்று சொல்லட்டுமா? பள்ளிக்கூட மணிக்கும் கோயில் மணிக்கும் வித்தியாசம் தெரியாதவர் நீங்கள். 'குரலுக்கு எலும்பு இல்லை' என்று நம் வீட்டில் ஒருவர்தான் சொல்வார். அது அப்பாவின் கேள்வி. படித்ததும் தோட்டத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லாதீர்கள். அவர் கேட்கட்டும், நான் சொல்கிறேன். வயரைப் பற்றி மட்டுமே பேசினாலும் எனக்குச் சம்மதம்.

கிறிஸ்துமஸுக்கு முன் பார்க்க வருவதாக மதினி ஓரத்தில் எழுதியிருந்தார். இப்போது வர வேண்டாம், பார்வை அறையில் மராமத்து வேலை நடக்கிறது. எழுதினால் போதும்.

ஜெஸி


ஒத்தக்கடை
14 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெஸி,

எல்லோரும் சுகம். இன்று நான் எழுதப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

வயர் மாறித்தான் இருந்தது. எலக்ட்ரீசியன் நல்லகாமன் சுவருக்குள் குழாய் பதித்து, இரண்டு வயரையும் ஒரே வெள்ளையில் இழுத்திருக்கிறான். இடது பெட்டியில் மாற்றி முடுக்கியது நான்தான். பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்தால் பூஜ்யம் என்று இருபத்திரண்டு வருடமாகப் போர்டில் எழுதிப்போடுகிறவன், என் வீட்டு ஹாலில் அந்தப் பூஜ்யத்தை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வெளியே சொல்லிவிடாதே, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள்.

நான் மாற்றி முடித்து மறுபடி பாட்டைப் போட்டதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"டேய், அந்தத் திருப்புளியக் கீழ வைடா. இனிமே ஒன்னையும் தொடாத. இப்பத்தான்டா நடுவுல ஆளு நிக்கிது" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "சொன்னவுகளுக்கு நல்ல காது" என்றார். உன் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நீ கண்டுபிடித்தது சரி. கேள்வி எல்லாம் அவருடையது. "கேட்டு எழுது, எம்பேரு வரக் கூடாது" என்பது உத்தரவு. எதைக் கேட்பதற்காக இம்புட்டுப் பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு உங்கள் மடத்துக் கோயில் பூசை யூடியூபில் வருகிறதல்லவா, அதைத்தான். மே மாதம் ஹெப்சிபா தற்செயலாகப் பார்த்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். திரையில் பீடம் மட்டும்தான் தெரிகிறது. நீங்கள் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். லேப்டாப்பில் கேட்டால் டப்பாவுக்குள் கூட்டமாகப் பாடுவது போலிருந்தது. அதற்குள்ளே உன் ஒருத்தி குரலைத் தேடித்தான் மனிதர் பரணிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கச் சொன்னார்.

நேற்று ஞாயிறு. வயர் சரியான பிறகு முதல் பூசை. அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முடிந்து, இரண்டாவது பாட்டும் முடிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "கேக்குதாப்பா?" என்றேன். கண்ணைத் திறக்காமலே விரல் மடக்கி எதையோ எண்ணினார். அப்புறம், "இடது பக்கம், உள்ள தள்ளி, கனமா ஒரு குரல் வருதுல்ல? அதான் அவ" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஜெஸி, எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது. நான் பக்கத்திலேயே இருக்கிறேன், என் குரலை அவர் இப்படிக் கேட்டதே இல்லை.

கிளமெண்ட்


மடம்
24 நவம்பர் 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

எங்கள் கோயிலில் இரண்டு மைக் தொங்குகின்றன. எங்கே தொங்கவிட வேண்டும் என்று அளந்து சொன்னது நான்தான். அதனால்தான் இடது வலது பிரிந்து கேட்கிறது. என்னோடு இருப்பவர்கள் நன்றாகப் பாடக் கூடியவர்கள், அண்ணே. சிஸ்டர் பவுலா என்று ஒருவர், எழுபத்தொரு வயது, செல்லூர்க்காரர். தறிச் சத்தத்தை மீறிப் பாடிப் பழகியவர். இவர்களோடு ஒரே வரிசையில் இருப்பதே எனக்குப் பெரிய பேறு.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்களுக்குக் கடிதம் இல்லை. அப்பாவுக்குக் குளிர்காலத்தில் இடது முழங்கால் வலிக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஜெஸி


ஒத்தக்கடை
22 டிசம்பர் 2024

அன்புள்ள ஜெஸி,

இது கிறிஸ்துமஸ் முடிந்துதான் உன் கைக்கு வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எல்லோரும் சுகம். முழங்காலுக்கு ஒத்தடம் நடக்கிறது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆறு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்துவிடுகிறார். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு வேறு போட்டிருக்கிறார், நாற்காலி நகரக் கூடாதாம். பக்கத்து வீட்டு அழகுபாண்டி அண்ணன் பால் வாங்கப் போகிற வழியில் நின்று கேட்டுவிட்டு, "எத்தன மைக் செட் கேட்ருக்கேன் சார், இப்பிடி நெஞ்சுல வந்து ஒக்கார்ற மாதிரி கேட்டதில்ல" என்றார். தன் சிஎஸ்ஐ சபைப் பாட்டை விட்டால் வேறு எதையும் மதிக்காத ஹெப்சிபாவே, "உங்க தங்கச்சி மடத்துல நல்லாத்தாங்க பாடுறாங்க" என்று ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அப்பா முன்பைவிடப் பேச்சைக் குறைத்துவிட்டார். கேட்டு முடித்ததும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். இரண்டு கேள்வி எழுதச் சொன்னார். கோயிலில் எத்தனை சிஸ்டர்மார் பாட உட்காருகிறீர்கள்? உனக்குச் சளி ஏதும் பிடித்திருக்கிறதா?

உங்கள் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

கிளமெண்ட்


மடம்
12 ஜனவரி 2025

அண்ணே,

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள்.

நாங்கள் உட்காருவது ஒன்பது பேர். எனக்குச் சளி இல்லை. நான் பாடுவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டி கெட்டது இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் குரல் நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது. பேச்சு காற்றாகத்தான் வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். வீட்டுக்குச் சொல்லலாம் என்று மதர் எவ்வளவோ சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். உங்களை வர வேண்டாம் என்று எழுதியதும் இதனால்தான். பார்வை அறையில் மராமத்து எதுவும் நடக்கவில்லை. பொய் சொன்னதற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன்.

பாட்டு நேரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிறேன். அப்பா இடது பக்கம் கேட்கும் கனமான குரல் சிஸ்டர் பவுலாவுடையது. அது நான் என்று அவர் சொன்னதாக நீங்கள் எழுதிய நாள் முதல் எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்பது வருடம் கழித்து அவர் எனக்காகக் காதைத் திறந்திருக்கிறார், அங்கே நான் இல்லை.

அவரிடம் சொல்லாதீர்கள். அந்தக் குரல் நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும். உண்மை தெரிந்தால் அந்த நாற்காலியையும் எடுத்து வைத்துவிடுவார். சிஸ்டர் பவுலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீ கவலப்படாத தாயி, ஒங்கப்பாவுக்கும் சேத்து நல்லாப் பாடிருவோம்" என்றார்.

ஜெஸி


ஒத்தக்கடை
20 பிப்ரவரி 2025

ஜெஸி,

சுகமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. நீ ஆபரேஷன் தியேட்டரில் படுத்திருந்த நேரத்தில் நான் பாத்ரூம் டைல்ஸுக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்திருப்பேன். உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். திட்டு வாங்க வேண்டியவன் நான்.

நீ கேட்டுக்கொண்டபடி அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், பூசை முடியும்வரை மாடியில் போய் நிற்கிறேன். போன ஞாயிறு கூப்பிட்டார். "நான் ரெண்டு கேள்வி எழுதச் சொன்னனே, பதில் வரலயா?" என்றார். பொய் சொல்லப் பழக்கமில்லை எனக்கு. "ஒன்பது பேராம். சளி இல்லையாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். நாற்காலியை எடுக்கவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என் முன்னால் வந்து நின்று, "அவ தொண்டைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டார். ஜெஸி, நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

இன்றைக்குத் தபாலாபீஸ் போய் அவரே கவர் வாங்கி வந்திருக்கிறார். என்னைப் பக்கத்தில் விடவில்லை.

கிளமெண்ட்


ஒத்தக்கடை
24 பிப்ரவரி 2025

என் மகள் ஜெஸிக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நாலு தாள் வீணாகிவிட்டது, இது ஐந்தாவது.

கிளமெண்ட் மேல் கோபப்படாதே. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அக்டோபர் மாதமே தெரியும்.

நீ சொன்னபடி வயரை மாற்றிய பிறகு வந்த முதல் பூசையில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக வந்து நின்றது. அப்படி ஒரு சத்தத்தை இந்தப் பெட்டிகளில் நான் கேட்டதே இல்லை. எண்ணிப் பார்த்தேன், எட்டு. எட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டேன். ஒன்றும் உன்னுடையது இல்லை. பெற்ற மகள் குரல் எனக்குத் தெரியாதா? அந்தச் செல்லூர் அம்மா குரலைக் காட்டி நீதான் என்று அவனிடம் சொன்னது பொய். நீ இல்லை என்று வாய்விட்டுச் சொல்லப் பயந்தேன். சளியாக இருக்கும், அடுத்த வாரம் பாடுவாள் என்று அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்தேன். மடத்தில் எட்டே பேர்தானா, உன்னை வேறு எங்கும் அனுப்பிவிட்டார்களா என்றெல்லாம் நினைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒன்பது என்று பதில் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த எட்டுப் பேரும் அற்புதமாகப் பாடுகிறார்கள். அதை அவர்களிடம் சொல். ஒன்பதாவது நாற்காலியில் இருப்பவளைப் பாடுவதாக நினைத்துக் கேட்டவன் இல்லை நான். அவள் பாடாமல் இருப்பதைத்தான் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ புறப்பட்ட அன்றைக்கு, இனி உன் குரல் என் காதில் விழக் கூடாது என்று சொன்னேன். நீயும் கேட்டாய், உன் அம்மா பிலோமினாள் போட்டோவும் கேட்டது. அந்தக் கோபம் அத்தனையும் உன் குரல் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் வந்தது. தப்பு என்னுடையது, தாயே.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். அப்புறம் ஈஸ்டர்வரை உங்களைப் பார்க்க விட மாட்டார்களாம். அதற்கு முன்னால் வருகிற ஞாயிறு பார்வை நாள் என்று கிளமெண்ட் சொன்னான். ஆரப்பாளையத்தில் முதல் பஸ் பிடித்து வருகிறேன். அவனும் ஹெப்சிபாவும் கூட வருகிறார்கள், அவர்களை வெளியில் நிறுத்திவிட்டு முதலில் நான் மட்டும் உள்ளே வருவேன்.

உனக்குப் பேச்சு காற்றாகத்தான் வருகிறது என்றான். பரவாயில்லை. மதரிடம் சொல்லி, நாற்காலியைப் பார்வை அறைக் கம்பிக்கு ஒட்டிப் போடச் சொல். என் காது இன்னும் நன்றாக இருக்கிறது.

உன் அப்பா,
லூர்துராஜ்